ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்

"மண்டையில பசை தடவி ஒயரு ஒட்றதுக்கா மூணு வருசம் படிச்ச?"

அண்ணி இப்படிக் கேட்டபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே சுருக்கென்றது. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிறேன். இ.இ.ஜி. என்பார்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

அண்ணன் வீடு திருவிடந்தையில். அண்ணன் மகளுக்கு அப்போது நாலு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் கண் ஒரு பக்கமாய் நிலைகுத்தும், பேச்சு நின்றுபோகும், கை வெட்டி வெட்டி இழுக்கும். இரண்டு நிமிடத்தில் அடங்கித் தூங்கிவிடுவாள்.

"மத்த நாள்ல நல்லா ஓடிகினு கீது. சபைக்குப் போற அன்னிக்கு மட்டும் வருதுன்னா, சாத்தான் வழிய மறிக்கிறான்," என்றாள் அண்ணி. அவனிடம் தோற்கக்கூடாது என்று அடுத்த ஞாயிறு இன்னும் சீக்கிரம் எழுப்பி, இன்னும் நன்றாகக் குளிப்பாட்டி அழைத்துப் போனாள். பாஸ்டரே, "ஜெபம் நான் பாத்துக்கிறேன், நீங்க டாக்டர பாருங்கம்மா," என்றார்.

இதற்கு நடுவில் அண்ணி ஒரு முடிவு எடுத்திருந்தாள். ஜூன் மாதம் பிள்ளையை எல்.கே.ஜி. சேர்க்கப்போவதில்லை.

"கிளாஸ்ல இழுத்துகினு வுழுந்தா யாரு பாப்பா? மத்த பசங்க பேரு வெச்சிடும். வூட்லயே கெடக்கட்டும்."

இந்தக் குடும்பத்தில் படித்த பெண் என்னோடு சரி என்றாகிவிடும் போலிருந்தது. என் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பி ஒரு புதன்கிழமைக்கு நேரம் வாங்கினேன். எல்லோருக்கும் சொல்வதைத்தான் அண்ணியிடமும் சொன்னேன்: தலைக்குக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள்.

புதன் காலை, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் வராந்தாவிலேயே கத்தினாள்.

"நீதான தலைக்கு ஊத்தி இட்டாரச் சொன்ன? ஊத்திகினு இருக்கசொல்லவே இழுத்துகிச்சு! எல்லாம் உன் படிப்பால!"

பசை டப்பாவோடு நின்றேன். என் சொல்லால்தான் வந்தது. ஆனால் இன்று புதன், சபை இல்லை.

"அண்ணி, மத்த நாள்ல தலைக்கு ஊத்துவியா?"

"ஒடம்புக்குதான். தலைக்கு ஞாயித்துக்கெயம மட்டும்."

"தண்ணி எப்டி இருக்கும்?"

"வெறகு அடுப்புல அண்டா நெறைய காயும். கண்ணுல சீக்கா போவக்கூடாதுன்னு மடமடன்னு ஊத்திடுவேன். இழுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து சளி புடிச்சிடப் போவுதுன்னு இன்னும் கொஞ்சம் சூடா."

பதிவில் கோளாறு எதுவும் தெரியவில்லை. "பாத்தியா, உன் மெஷினுக்கே தெரில," என்றாள் அண்ணி. அவள் சொன்னதை ஒரு தாளில் எழுதிப் பதிவோடு சேர்த்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார். காய்ச்சல் இருந்ததா, எத்தனை சொம்பு, எந்தச் சொம்பில் வந்தது என்று அண்ணியிடமே துருவித் துருவிக் கேட்டார்.

"தலையில சூடா, வேகமா தண்ணி விழுந்தா சில பிள்ளைங்களுக்கு வலிப்பு வரும். இதுல மெஷின் நார்மலா காட்டறது சகஜம். நீங்க சொன்னதுலதான் நோய் தெரியுது," என்றார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடுமாம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் உடம்பு, கடைசியில் தலை, அதுவும் ஈரத்துணியால். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதுவும் திணிக்கக்கூடாது, கடிகாரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை.

"இன்னாடி இது, பாத்திரம் தொடைக்கிற மாரி," என்று அண்ணி முனகினாலும் செய்தாள். தண்ணீரில் விரலை விட்டு, "அம்மா, ஆறிடுச்சு," என்று பிள்ளையே சொல்லப் பழகியது. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் மட்டும் பழைய பழக்கத்தில் சூடாக ஊற்றிவிட்டாள். போன் வந்தது.

"ஒண்ணரை நிமிசம். ஒருக்களிச்சுப் போட்டேன். கையில சாவி குடுக்கல."

குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை. அதன்பிறகு டாக்டரம்மா தலைக்குக் குளிக்கும் நாளில் முன்கூட்டியே கொடுக்க ஒரு மாத்திரை எழுதித் தந்தார். பிறகு இதுவரை வரவில்லை.

மருத்துவமனையில் பதிவுக்கு வருபவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் சீட்டில் இப்போது, 'வெந்நீர் வேண்டாம்' என்று ஒரு வரி இருக்கிறது. டாக்டரம்மாவிடம் கேட்டு நான் சேர்த்தது.

அண்ணியே வாங்கி வந்த எல்.கே.ஜி. படிவத்தைப் போன வாரம் நிரப்பினேன். 'உடல்நலக் குறைபாடு ஏதேனும்?' என்ற இடத்தில், "இல்லன்னு போட்டுடு," என்றாள் அண்ணி. இருப்பதை எழுதி, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதையும் எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணி படிவத்தை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தாள்.

"போன் நம்பரு உன்னுது போடு. ஒயரு ஒட்றவதான் கரீட்டா பதில் சொல்லுவா."

திங்கட்கிழமை படிவத்தைக் கொடுத்தேன். பிள்ளையை எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்று டீச்சருக்கு, வகுப்புப் பாயிலேயே நான் படுத்துக் காட்டினேன்.