நடுத்தர விலைக் காதுகள்

காதில் கண்டதையும் விட்டுக் குடையாதே என்று சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லி வளர்க்கிறார்கள். எனக்கு அதைச் செய்யத்தான் மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கீழ்க்கட்டளையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக இயர்போன் வரவழைத்து, அதன்மேல் எங்கள் பெயரை அச்சடித்து விற்கிறோம். விற்பதற்கு முன்னால் அது காதில் வசதியாக உட்காருகிறதா, உறுதியாக இருக்கிறதா, பாட்டு எப்படிக் கேட்கிறது என்று போட்டுப் பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. எங்களுடையது எல்லாமே நடுத்தர விலை. அதாவது, கடைக்காரரிடம் அதிகம் என்றும் வீட்டில் குறைவு என்றும் சொல்லக்கூடிய விலை. அப்படி ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் மட்டும் பாடிக்கொண்டிருக்க இன்னொரு பக்கத்தைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துக் காதில் வைத்துப் பார்த்தவர் யாராவது இதைப் படித்தால், உங்கள் துயரத்தில் எனக்கும் பங்குண்டு என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டு டப்பா

இந்த வேலைக்குப் படிப்பு எதுவும் கிடையாது. என் பயோடேட்டாவின் கடைசி வரியில் 'சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறேன்' என்று எழுதியிருந்தேன். வேறு ஒன்றும் எழுத இல்லாததால் எழுதியது. மேனேஜர் ராஜ்மோகன் சார் மற்ற வரிகளை விட்டுவிட்டு அதை மட்டும் படித்தார். அப்போ உங்களுக்குக் காது உண்டு என்றார். இரண்டு இருக்கிறது என்று வாய்வரை வந்தது; வேலை தேவைப்பட்டதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

சாதாரண அட்டை டப்பாவிலிருந்து ஓர் இயர்போனும், கறுப்பு வெல்வெட் டப்பாவிலிருந்து ஓர் இயர்போனும் எடுத்துக் கொடுத்தார். இரண்டிலும் ஒரே பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வெல்வெட் டப்பாவில் குரல் தெளிவாக இருக்கிறது, வயலின் தனியாகப் பிரிந்து கேட்கிறது, அட்டை டப்பாவில் எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிட்டது என்று விளக்கமாகச் சொன்னேன். இரண்டும் ஒரே மாடல் என்றார். இனி வீட்டுக்குத் திரும்ப மேடவாக்கம் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து கை கொடுத்தார். "கஸ்டமரும் இதையேதான் சொல்லுவாங்கம்மா. நாளைக்கே வந்து ஜாயின் பண்ணிடுங்க."

கண்டக்டர் போட்ட மதிப்பெண்

வசதியைச் சோதிக்க ஒரே வழி, காலையில் காதில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவது. அதனால் ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே மாட்டிக்கொள்வேன். அன்றைக்கு வந்திருந்த மாடல், வெளியிலிருந்து வரும் சத்தத்தை அமுக்கிவிடும் வகை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, சாலையில் நூறு வண்டிகள் ஹாரன் அடிப்பதைப் படம் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன். இப்படி ஒரு நிம்மதியை நான் தாம்பரத்தில் பிறந்த நாளிலிருந்து அனுபவித்ததில்லை.

திரும்பிப் பார்த்தால் பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் பக்கத்தில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார். கழற்றினேன். சத்தம் தடுக்கும் திறனுக்கு அன்று முழு மதிப்பெண் போட்டேன். சான்றாக அவர் சொன்னதையும் ரிப்போர்ட்டில் சேர்த்தேன். "இன்னாம்மா, செம்பாக்கத்துலேருந்து கூவிகினே வரேன். காதுல இன்னா கீது, சிமெண்டா?"

தரையில் விழுந்த நிலக்கடலை

உறுதிச் சோதனைக்குக் கீழே டைல்ஸ் கடையில் ஒரு டைல்ஸ் இரவல் வாங்கி வந்தோம். நான் நின்றுகொண்டு, காது உயரத்திலிருந்து இயர்போனைக் கீழே விட்டேன். நிலக்கடலை மாதிரி அழகாக இரண்டாகப் பிளந்து, பருப்பு தனியாக ஓடியது. மேனேஜர், உங்கள் உயரம் கொஞ்சம் அதிகம் என்றார். இடுப்பு உயரத்திலிருந்து விட்டேன். அதுவும் பிளந்தது. நாற்காலியில் உட்கார்ந்து விடச் சொன்னார். விரிசலோடு பிழைத்தது. கடைசியில் முக்காலி ஒன்று வந்தது. அதில் குனிந்து உட்கார்ந்து, கிட்டத்தட்ட தரையில் வைத்துவிட்டு வருவது போல விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. 'கீழே விழுந்தாலும் உடையாது' என்று அட்டையில் அச்சடிக்கச் சொல்லிவிட்டார்.

சார், ஜனங்கள் நின்றுகொண்டுதானே பாட்டுக் கேட்பார்கள், எலக்ட்ரிக் ட்ரெயினில் உட்கார யாருக்கு இடம் கிடைக்கிறது என்று கேட்டேன். அவர் அந்தக் கேள்வியை மதித்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நின்னுகிட்டு பாட்டு கேக்கறவங்க நம்ம டார்கெட் இல்லம்மா."

மேனேஜரின் அகராதி

நான் எழுதும் ரிப்போர்ட்டுக்கும் டப்பாவில் அச்சாகும் வாசகத்துக்கும் நடுவில் ராஜ்மோகன் சார் இருக்கிறார். 'அரைமணியில் காது வலிக்கிறது' என்று நான் எழுதினால், 'கச்சிதமாகப் பொருந்தும்' என்று அச்சாகும். 'பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கிறது' என்பது 'இதமான இசை' ஆகும். 'நடந்தால் கழன்று விழுகிறது' என்று ஒருமுறை எழுதினேன். அதற்கு என்ன செய்துவிடுவார் என்று நானும் ஆவலாகக் காத்திருந்தேன். 'அணிந்திருப்பதே தெரியாது' என்று வந்தது.

இது பொய்யில்லையா சார் என்று கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "எழுதினது நீங்கம்மா. நான் தமிழ்தான் திருத்துறேன்."

வலையில் சிக்கியது

தாம்பரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், புகாரை போனில் சொன்னால் எங்களுக்குப் புரியாது என்று நேரிலேயே வந்துவிட்டார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் குடை, கர்சீப்பில் சுற்றிய எங்கள் இயர்போன். வாங்கி மூன்று மாதத்தில் சத்தம் மங்கிவிட்டது, இதுதான் உங்கள் தரமா என்று கேட்டார். ஆபீசில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இல்லை, ஆனாலும் நின்றோம்.

நான் வாங்கிப் பார்த்தேன். இயர்போனின் நுனியில் மெல்லிய வலை ஒன்று இருக்கும். அதில் மெழுகுப் பூச்சு மாதிரி ஒரு பூச்சு. இதைப் படிக்கிறவர்களில் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு என் நிலைமை புரியும்: இது உங்கள் காது அழுக்கு என்று ஒரு டீச்சரிடம் எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, ஊசியாலும் பஞ்சாலும் சுத்தம் செய்து கொடுத்தேன். மாட்டிப் பார்த்தார். சத்தம் பளிச்சென்று வந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. பிறகு மேஜைமேல் கிடந்த பஞ்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். "என்னோடது இல்ல. எங்க வீட்டுக்காரரோடது."

மணி

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் டேனியல். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் மெஷின்களுக்கு நடுவே வேலை. என்னுடைய காதை மட்டும் நம்பக்கூடாது என்று, சத்தச் சோதனைக்கு அவரையும் சேர்த்துக்கொள்வேன். எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்பார். என் சமையலுக்கும் அதே மதிப்பெண்தான் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்குப் பாடியதைப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஓர் இடத்தில் எல்லோரும் நிறுத்த, சின்னக் கைமணி ஒன்று தனியாக ஒலிக்கும். மணி தெளிவாக இருக்கிறதா என்று கேட்டேன். எந்த மணி என்றார். இயர்போனைத் திட்டிவிட்டு வேறொன்று கொடுத்தேன். அதிலும் மணி இல்லை என்றார். இன்னொன்று. அதிலும் இல்லை. ஒரே நாளில் மூன்று மாடலும் ஃபெயில் என்றால் மேனேஜர் என் காதைத்தான் மாற்றச் சொல்வார் என்று அலுத்துக்கொண்டு, டேனியல் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது பக்கத்தை நான் வைத்துக்கொண்டு வலது பக்கத்தை அவர் காதில் வைத்தேன். பாட்டு ஓடியது. குழு நிறுத்தியது. என் காதில் மணி அடித்தது, துளிகூடப் பிசிறில்லாமல். பக்கங்களை மாற்றிக்கொண்டோம். மறுபடியும் எனக்கு அடித்தது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் மணி வரலையே, எஸ்தர்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

காது டாக்டரிடம் போவதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க, டி.வி. சத்தம், பக்கத்து வீட்டுப் புகார், மூன்று முறை கூப்பிட்டால் ஒருமுறை திரும்புவது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். அதெல்லாம் கல்யாணமானவர்களுக்குச் சகஜம் என்றார். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருந்ததால்தான் இத்தனை நாள் நானும் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஒரு சின்ன அறையில் அவரை உட்கார வைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே. அந்த ஹெட்போனின் மெத்தையில் தையல் பிரிந்திருப்பதை முதலில் கவனித்தேன். தொழில் புத்தி போகாது. பிறகுதான் அவர் கட்டைவிரலைக் கவனித்தேன். முதலில் அடிக்கடி அழுத்தினார். போகப்போக, சோதிக்கிற பெண் மெஷினில் எதையெதையோ திருப்பிக்கொண்டிருந்தார், விரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது, அழுத்தவில்லை. நல்ல பையனாக, கடைசிவரை காத்துக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் போய் அவர் விரலை நானே அழுத்திவிடலாமா என்றிருந்தது.

மெஷின் சத்தம்தான் காரணம் என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வேலை நேரம் முழுக்கக் காதை அடைக்கும் இயர் பிளக் போட வேண்டும் என்றார். கம்பெனியில் கொடுத்தார்கள், வலிக்கிறது என்று லாக்கரிலேயே வைத்திருக்கிறேன் என்று டேனியல் ஒப்புக்கொண்டார். வெளியே வந்து வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் என்னமோ, வர வர எல்லாரும் முணுமுணுன்னு பேசுறாங்கன்னுல்ல நெனச்சேன்."

ஞாயிறு ஆராதனைச் சோதனை

காதில் மாட்டுவது வலிக்கிறது என்று வேறு யார் வீட்டில் சொன்னாலும் அழுதிருப்பார்கள். என்னிடம் சொன்னால் என்ன ஆகும்? பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைக்குப் போய், இருக்கிற வகை எல்லாவற்றிலும் இயர் பிளக் வாங்கினேன். பஞ்சு மாதிரி அமுங்குவது, ரப்பரில் கூம்பு மாதிரி இருப்பது, கயிறு கட்டியது, கட்டாதது. அவருடைய காதுத் துளை சராசரியைவிடச் சின்னது. கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே அளவுதான் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடும்போது, தூங்கும்போது, பைக் ஓட்டாமல் சும்மா இருக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வைத்தேன். தாடை அசைந்தால் குத்துகிறதா, வேர்த்தால் நழுவுகிறதா, கழற்றினபின் அரிக்கிறதா என்று விசாரித்தேன். நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னால் மதிப்பெண் செல்லாது என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் யாரும் திருத்தி அச்சடிக்காத ஒரே ரிப்போர்ட் அதுதான்.

கடைசியில் நின்றது, சின்ன அளவு ரப்பர் பிளக். இறுதிச் சோதனையாக அதைப் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்தார். அன்றைக்கு நீண்ட பிரசங்கம். முழுவதும் அசையாமல், முகத்தில் ஒரு சாந்தத்தோடு உட்கார்ந்திருந்தார். முன்வரிசைப் பெரியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் போதகர் அவர் கையைப் பிடித்து, இவ்வளவு கவனமாகக் கேட்கிற விசுவாசியைப் பார்ப்பது அபூர்வம் என்றார். வெளியே வந்து அவற்றைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தபடி டேனியல் தீர்ப்புச் சொன்னார். "இது நல்லா இருக்கு. ஒண்ணுமே கேக்கல." இப்போது ஷிப்ட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்.

சந்தையிலேயே அதிக சத்தம்

அதே மாதத்தில் ஆபீசுக்குப் புது மாடல் வந்தது. டப்பா ஏற்கெனவே தயார்: 'சந்தையிலேயே அதிக சத்தம்'. முழு வால்யூமில் ஒரு பாட்டு கேட்டேன்; கழற்றிய பிறகும் மத்தியானம்வரை காதுக்குள் யாரோ விசிலடித்துக்கொண்டிருந்தார். உச்ச அளவைக் குறைக்கச் சொல்லி எழுதினேன். ராஜ்மோகன் சார் சிரித்தார். சத்தம்தானே விற்கிறோம், சத்தத்தைக் குறைத்தால் என்ன விற்பது என்றார். வழக்கமாக இந்த இடத்தில் நான் தமிழ் திருத்தத்துக்கு விட்டுவிடுவேன். இந்த முறை, அப்படியானால் இதற்கு நான் மதிப்பெண் போட மாட்டேன், வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மேடவாக்கம் பஸ் எத்தனை மணிக்கு என்ற நினைப்பும் வந்தது.

ஏன் என்று கேட்டார். பொத்தான்மேல் காத்திருந்த டேனியலின் கட்டைவிரலைப் பற்றிச் சொன்னேன். சாருடைய பையன் காலேஜில் படிக்கிறான்; எங்கள் இயர்போனை ஓசியில் வாங்கி மாட்டிக்கொண்டு சாப்பிடக்கூட அதோடுதான் உட்காருகிறான் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து இயர்போன் அனுப்புகிறவர்களிடம் பேசி உச்ச அளவைக் குறைக்கச் சொல்லிவிட்டாராம், டப்பாவும் மாறுகிறதாம். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் டப்பா வாசகம் எழுதிய காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "அதிக சத்தத்தை அடிச்சிடலாம்மா. 'பெற்றோர் கூப்பிட்டால் கேட்கும்'னு போடுவோம். அம்மாங்க அள்ளிகிட்டுப் போவாங்க."

இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்த அனுபவத்தில் என் மதிப்பீடு இதுதான்: மனுஷன் காதுக்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம், எதிரில் நிற்கிறவர் சொல்வதைத் தவிர.