தழும்பில்லாத கை

மகளின் கை முறிந்தது அரை வாளித் தண்ணீரில். விழவில்லை, யாரும் தள்ளவுமில்லை. வாளியைத் தூக்கியவள் "உம்மா" என்றாள், கை தொங்கிப்போயிருந்தது. தண்ணீர் தூக்கினால் எலும்பு முறியுமா என்று ஊர் கேட்டது. நான் அடித்துத்தான் முறிந்தது என்று கணவரின் ராத்தா, என் மதினி, என் முகத்துக்கு நேரேயே சொன்னார்.

கொழும்பில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மேல்கை எலும்புக்குள் நீர் நிறைந்த ஒரு குழி இருக்கிறது, அந்த இடம் முட்டைக்கோது மாதிரி மெலிந்துவிட்டது என்றார் டாக்டர். பிள்ளைகளுக்கு வருவதாம், புற்றுநோய் இல்லையாம். திரும்பத் திரும்பக் கேட்டேன். பொறுமையாக அதையே சொன்னார். பஸ்ஸில் வரும்போது, என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

முறிவு பொருந்திய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். வெட்டவில்லை. மயக்கம் கொடுத்து, படத்தில் பார்த்தபடியே ஊசியை எலும்புக்குள் இறக்கி, மஞ்சள் நீரை எடுத்துவிட்டு மருந்தை ஏற்றினார்கள். பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள். குழி நிறைய மாதக்கணக்காகும், அதுவரை பாரம் தூக்கக் கூடாது, கையை யாரும் அழுத்தவோ உருவவோ கூடாது என்றார்கள்.

சுகம் விசாரிக்க பிஸ்கட் பெட்டிகளோடு வந்தவர்கள் கையில் பெரிய கட்டு இருக்குமென்று எதிர்பார்த்தார்கள். இருந்தது ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய ஒரு சின்னப் பிளாஸ்டர்.

"நுளம்பு கடிச்ச மாதிரி இரிக்கி. இதுக்கா கொழும்புக்குப் போன?" என்றார் மதினி.

எல்லாரும் சிரித்தார்கள். முட்டைக்கோது கதையை நான் சொன்னேன்.

"எட்டாம் வகுப்போட நிண்டவ, எலும்புக்குள்ள இரிக்கிறத எங்களுக்குப் படிச்சுத் தாரா" என்றார் மதினி.

அதற்கும் சிரித்தார்கள்.

முந்தல் ஊரில் ஒருவர் இறந்து, மௌத்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மகளை மதினியிடம் விட்டுப் போனேன். எங்கள் பக்கத்தில் எங்கே நொந்தாலும் முதலில் எண்ணெய் போட்டு உருவுவதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியில் ஒன்றுமே செய்யவில்லை என்று நம்பிய மதினி, பிள்ளையை நாட்டு முறிவு வைத்தியரிடம் கூட்டிப்போயிருந்தார். நான் திரும்பியபோது மகள் கையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் மணத்தது.

"வேணாமெண்டு சொன்னன் உம்மா. மாமி கேக்கல்ல."

அதே இடத்தில் மறுபடி முறிந்திருந்தது.

கொழும்புக்கு மதினியும் வந்தார், சிங்களம் நன்றாகப் பேசுவார் என்று. எப்படி முறிந்தது என்று டாக்டர் கேட்டார். விளையாடும்போது விழுந்தாள் என்றார் மதினி. அந்த அளவு சிங்களம் எனக்கும் விளங்கும். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் எண்ணெயையும் உருவினதையும் சொன்னேன். டாக்டர் மதினியைப் பார்த்தார். அன்றிலிருந்து மதினி என்னோடு கதைப்பதில்லை. பெரியவரை அந்நியர் முன்னால் அவமானப்படுத்தியவள் என்று எனக்கு இன்னொரு பெயரும் வந்தது.

முறிவு பொருந்தியதும் இன்னொரு ஊசி. கடைசிப் படத்தில் குழி வெளுத்து நிறைந்துகொண்டு வருகிறது. அதை முறிவு வைத்தியரின் எண்ணெய் செய்ததாக மதினி வீடு வீடாகச் சொல்கிறாராம். ஊசிதான் செய்தது என்று காட்ட ஓர் அடையாளமும் இல்லை. பிளாஸ்டர் ஒட்டிய இடம்கூட இப்போது தெரியவில்லை. ஒரு வெட்டுத் தழும்பு இருந்திருந்தால் அந்தக் கையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

தண்ணீரை நான்தான் அள்ளுகிறேன். மௌத்து வீட்டுக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.