வாசலில் ரோஸ், கொல்லையில் கறுப்பு

என் அண்ணி எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் "ஆச்சு" என்று சொல்லிவிடுவாள். அடுப்பில் பாத்திரமே ஏறியிருக்காது, "சாப்பாடு ஆச்சு" என்பாள். வீடு மாற்றியபோது ஒரு மூட்டைகூடக் கட்டியிருக்கவில்லை. அதற்குள் வண்டிக்காரருக்குப் போன் போட்டு, "எல்லாம் ஆச்சுங்க, நீங்க வந்தா போதும்" என்றாள். வண்டி வந்து வாசலில் நின்றபோது நானும் அண்ணனும் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு 'ஆச்சு அண்ணி' என்று பெயர் வைத்தது நான்தான். பக்கத்து வீட்டிலேயே தையல் மெஷினோடு குடியிருக்கும் நாத்தனாருக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

அண்ணிக்குச் சாயப்பட்டறையில் வேலை. நூல் கட்டுகளைக் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அந்த ஆவி நெஞ்சுக்குள் போய்ப் போய், வீட்டுக்கு வந்த பிறகும் இருமிக்கொண்டே இருப்பாள். விரல் நகங்கள் ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் சிவப்பு. "நெயில் பாலிஷ் செலவு மிச்சம்" என்று நீட்டிக் காட்டுவாள். அண்ணன் டவுன் பஸ் ஓட்டினான்.

ஹாலிஹாக் செடி எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்ததும் அண்ணனின் பஸ் டிப்போ வழியாகத்தான். டிப்போ மதிலை ஒட்டி, டீசல் கறைக்கு நடுவில், ஆள் உயரத்துக்கும் மேலே ஒற்றைத் தண்டு நிமிர்ந்து நின்றது. தண்டு நெடுகப் பூ. செம்பருத்திக்குத் தூரத்துச் சொந்தம் போல முகஜாடை, ஆனால் நிறம் கறுப்பென்றே சொல்லத்தக்க ஊதா. அண்ணனைக் கூட்டி வரப் போயிருந்த அண்ணி உதிர்ந்து கிடந்த பூக்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் வந்து பிரித்தால் கைக்குட்டை முழுக்க ஊதா கலந்த சாம்பல். வேறு யாராக இருந்தாலும் சோப்பைத் தேடியிருப்பார்கள். இவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த நிறம் எங்க தொட்டியில வராது" என்றாள். "நம்ம பட்டறை ஆச்சு."

"எந்தப் பட்டறை அண்ணி?"

"நான் வைக்கப்போற பட்டறை."

பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைப்பது என்பார்களே, அதுதான்.

காய் முற்றும் வரை காத்திருந்து பறித்து வந்தாள். பொத்தான் அளவு காய். பிரித்தால் தட்டையான விதைகள் வட்டமாக நெருக்கி அடுக்கியிருந்தன. கொல்லைச் சுவர் ஓரமாக விதைத்தாள். ஒரு வருஷம் முழுக்க உள்ளங்கை அகல இலைகள் தரையோடு பரந்து கிடந்தனவே தவிர, ஒரு மொட்டுக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணி, இது பூச்செடியா கீரையா? சமைச்சிடலாமா?"

"முதல் வருஷம் வேரை இறக்கும், மறு வருஷம் பூவை ஏத்தும். உன்னை மாதிரி அவசரக் குடுக்கை இல்ல அது."

நெருக்கமாக நின்ற ஒன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாம் என்று நான் தோண்டினேன். ஆணிவேர் என் முழங்கை அளவுக்கு இறங்கியிருந்தது. பாதியில் ஒடிந்தது, செடியும் செத்தது. அன்று வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

மறு வருஷம் அவள் சொன்னபடியே ஏறியது. கீழ் மொட்டு முதலில் விரிந்து, பிறகு அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று கோடை முழுக்கப் பூத்தது. எல்லாம் கறுப்பு. வாடிய பூவை அன்றன்றைக்குப் பறித்து நிழலில் உலர்த்தினாள். இரண்டு இதழை வெந்நீரில் போட்டுக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்றாள். இருமல் நின்றதா என்றால், இல்லை. பட்டறையை விடாமல் இருமல் எப்படி விடும்? உலர்ந்த இதழைக் கொதிக்க வைத்து, படிகாரத்தில் நனைத்த துணியை அதில் போட்டு எடுத்தாள். மழைக்கு முன்னால் வானம் இருட்டிக்கொண்டு வருமே, அந்த நிறம். என் தையல் கடையில் அது தொங்கியதைப் பார்த்துத்தான் நாடகக் கம்பெனியின் உடைப் பொறுப்பாளர் அம்மா நின்றுவிட்டார்.

"புது நாடகம் ஒண்ணு வருது. அத்தனை உடுப்பும் இந்த நிறத்துல வேணும். மேடையேற இன்னும் நாளாகும், ஆனா துணி நிறைய வேணும். முடியுமா?"

"ஆச்சுங்க" என்றாள் அண்ணி.

அந்தக் கோடையில்தான் அண்ணனுக்கு ஒரு கண் போனது. பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னதும் லைசென்ஸும் போனது. ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கூப்பிட்டால் திரும்புவதுகூட இல்லை. பார்க்க எனக்குப் பயமாகவே இருந்தது. டிப்போ நண்பர் ஒருவர் ஹாலிஹாக் நாற்றுகளைப் பையோடு கொண்டுவந்து கொடுத்தார். மொட்டு வைத்த நாற்றுகள். "உங்க வீட்டுல இது பிடிக்கும்னு கேள்விப்பட்டேன்." அவை ரோஸ் நிறம். அண்ணன் எழுந்து போய் வாசல் கேட்டின் இரு பக்கமும் நட்டான். அவை பூத்ததும் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். ஒருவர் பெயர் கேட்டார், ஒருவர் விதை கேட்டார். அண்ணன் பதில் சொல்ல ஆரம்பித்தான், பிறகு நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டான். ஒரு நாள் அவன் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டு நான் மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன்.

அண்ணி தன் கறுப்புச் செடிகளின் விதையைச் சேர்த்துக் கொல்லை முழுக்க விதைத்தாள். முளைத்து இலை விட்ட கையோடு சாயப்பட்டறை வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஊசி முறிந்தது.

"பூவே வரலை, அதுக்குள்ள வேலையை விடலாமா? ஆழம் தெரியாம காலை விடறீங்க."

"வேர் இறங்கிடுச்சு. அப்புறம் என்ன?"

பட்டறை மேஸ்திரி மட்டும் சிரித்தாராம். "திரும்பி வருவே. தொட்டி இங்கதான் இருக்கும்."

அந்த ஒரு வருஷத்தை என் தையலிலும் அண்ணனுக்கு வந்த சொற்பப் பென்ஷனிலும் ஓட்டினோம். இலைகளின் அடியில் துருப் போலப் புள்ளி விழுந்தது. அந்த நோயில் பழைய கறுப்புச் செடிகள் பெரும்பாலும் போய்விட்டன. மிஞ்சியது சில. அண்ணி அசரவில்லை, கெட்ட இலைகளைக் கிள்ளி எரித்துக்கொண்டே இருந்தாள். கோடையில் புதுச் செடிகள் தண்டு விட்டன. கீழ் மொட்டின் பச்சை உறை விரிசல் விட்டபோது மூவரும் குனிந்து பார்த்தோம்.

ரோஸ்.

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்" என்றாள் அண்ணி. மறுநாள் பூத்ததும் ரோஸ். அதற்கு மறுநாள் வெளிறிய ரோஸ், பிறகு வெள்ளையில் ரோஸ் கோடு. கொல்லை முழுக்க அழகு வழிந்தது, ஒன்றுக்கும் உதவாத அழகு. அந்த இதழைக் கொதிக்க வைத்தால் கழுநீர் நிறம் வந்தது. அண்ணி ஒரு வாரமாக "ஆச்சு" என்ற வார்த்தையையே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாடகக் கம்பெனி அம்மா வருவதாக இருந்தது. மேஸ்திரிக்கு எப்படியோ மூக்கில் வியர்த்திருக்கிறது, திங்கட்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அண்ணி பழைய பட்டறை யூனிஃபாரத்தைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

மறுநாள் காலை வாசலில் வெட்டுகிற சத்தம் கேட்டு ஓடினேன். அண்ணன் அரிவாளோடு நின்றான். கேட்டின் ஒரு பக்கம் ஏற்கெனவே காலி, மறு பக்கம் கடைசித் தண்டு சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணியும் ஓடிவந்தாள்.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"உன் செடியைக் கெடுத்தது இதுதான்" என்றான் அண்ணன். "நாளெல்லாம் இங்கயே உக்காந்திருக்கேன் இல்ல, பார்த்துட்டேன். தேனீ இந்தப் பூவுல புரண்டு, மகரந்தத்தோட நேரா வீட்டைத் தாண்டி உன் கறுப்புப் பூவுக்குப் போகுது. நீ விதை எடுத்த வருஷமும் இதேதான் நடந்திருக்கும். உன் விதையில என் பூ கலந்துடுச்சு. மிச்சம் இருக்கிற கறுப்புச் செடியாவது சுத்தமா விதை கட்டட்டும்."

"கொல்லையில நிக்கிறது அத்தனையும் ரோஸ்தானே? தேனீ அங்க போகாதா? அதையும் வெட்டுவீங்களா?"

அண்ணன் அரிவாளைப் பார்த்தான், கொல்லைப் பக்கம் பார்த்தான். அதுவரை அது அவனுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. ஒரு கோபத்தில் வெட்டியிருக்கிறான், அதுவும் வீணாக.

அண்ணி தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இந்தப் பூவாலதானே நீங்க எழுந்து உக்காந்தீங்க. அதை வெட்டி எனக்கு ஒரு நிறம் வேணும்னு நான் கேட்டேனா?"

"நீ கேக்கலை" என்றான் அண்ணன். "கொடியில யூனிஃபாரம் தொங்குது. ராத்திரி எல்லாம் நீ இருமினதைக் கேட்டுக்கிட்டுத்தானே இத்தனை வருஷம் பக்கத்துல படுத்திருந்தேன். திரும்ப அதைக் கேக்க என்னால ஆகாது."

பிறகு அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். விழுந்து கிடந்த தண்டுகளை இலையோடு வாரி அணைத்துக்கொண்டாள். "வேர் இருக்கு, அடுத்த வருஷம் துளிர்க்கும். வெட்டினது வெட்டினதாச்சு, இதை ஏன் குப்பையில போடணும்? வேக வைப்போம்."

பெரிய பாத்திரத்தில் இலையும் தண்டும் வெந்தன. முதலில் வந்தது மங்கலான மஞ்சள். அண்ணி பழைய ஆணிகளை வினிகரில் ஊறப் போட்டு வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றினாள். அது இருண்டது. துணியை முக்கி உயர்த்தினாள். பாசி படிந்த பழஞ்சுவர் போல, புகையேறிய பச்சை. அண்ணி அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சனிக்கிழமை முழுக்கக் கொல்லையின் கீழ் இலைகளையும் பறித்து வேக வைத்தோம். நான் மெல்லிய துணியில் பைகள் தைத்துக் கொடுத்தேன். கறுப்பு மொட்டுகளுக்கு அவற்றைக் கட்டி, தேனீ செய்கிற வேலையைப் பிரஷ்ஷால் தானே செய்வதாக அண்ணன் ஏற்றுக்கொண்டான். ஒற்றைக் கண்ணால் அவ்வளவு நுணுக்கமான வேலை வருமா என்றேன். அந்தத் தேனீயைப் பார்த்தது எந்தக் கண் என்று திருப்பிக் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாடகக் கம்பெனி அம்மா வந்தார். அண்ணி மழுப்பவில்லை.

"நீங்க கேட்ட நிறம் இந்த வருஷம் ஒரு சால்வைக்குத்தான் வரும். மீதிக்கு இது."

அந்த அம்மா பச்சைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்கும் நிழலுக்கும் நடந்து பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, பிறகு யோசனை தெரிந்தது. "ராணிக்கு அந்தச் சால்வை. படைவீரங்க எல்லாருக்கும் இது. ஒரு பொட்டு நிறம்கூட மாறக்கூடாது."

"மாறாதுங்க" என்றாள் அண்ணி.

திங்கட்கிழமை காலை அவள் முழங்கை வரை பச்சையோடு பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எனக்கும் கை ஒழியவில்லை. கண் போனதிலிருந்து போனைத் தொடாத அண்ணன், வாசலிலிருந்து எழுந்து வந்து எடுத்தான். மேஸ்திரியின் குரல் எனக்கே கேட்டது.

"சாயப்பட்டறையிலேருந்து பேசறேன்."

"இங்கயும் சாயப்பட்டறைதான்" என்றான் அண்ணன். "சொல்லுங்க, உங்களுக்கு என்ன நிறம் வேணும்?"