முதல் குலை

ஒரு திராட்சைக் குலையைப் பார்த்து வயிறெரிந்தவள் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணமாகி வந்த முதல் அறுவடையில் என் மாமியார் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, "என்னா கருப்பு பாரு! கண்ணுக்குள்ளயே நிக்கிது" என்று ஒரு பன்னீர்த் திராட்சைக் குலையைக் கொஞ்சினார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போகும்போது, எனக்குக் கேட்கும்படியே, "பொண்ணு கருப்புத்தேன். என்ன செய்ய, நல்ல எடமாப் போச்சு" என்று சொன்னதும் அதே வாய்தான். பழம் கறுத்தால் அழகு. சிவப்பு மாறாமல் இருந்தால் செங்காய் என்று வியாபாரி கழித்துவிடுவார். பெண்ணுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ்.

எங்கள் தோட்டம் கூடலூர் போகும் சாலையை ஒட்டி இருந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். அறுவடை அன்று வீட்டுப் பெண் ஒருத்தி கிழக்கே பார்த்து நின்று முதல் குலையை வெட்ட வேண்டும். அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் வேலையாட்கள் கத்தரியைத் தொடுவார்கள். அந்தக் கை ராசியாக இருந்தால் விலை இறங்காது என்று நம்பிக்கை. அதுவரை மாமியார்தான் வெட்டிவந்தார். "இனிமே என்னால கைய ஒசத்தி நிக்க முடியாது" என்று அவர் சொன்ன அன்றே, அடுத்தது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பின்னே? பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டும்போது கூட நின்றது யார்? கொடியைக் கம்பியில் இழுத்துக் கட்டியது யார்? பிஞ்சுக் குலையில் நெருக்கிக்கொண்டிருக்கும் காய்களைக் கிள்ளி எடுத்து, கழுத்து பிடித்துக்கொண்டு ராத்திரி தைலம் தேய்த்துப் படுத்தது யார்?

கத்தரி என் ஓரகத்தியின் கைக்குப் போனது. என் கொழுந்தனின் மனைவி, தேவதானப்பட்டிக்காரி. வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கவாத்து என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் நல்ல சிவப்பு. "செவத்த கையில வெட்டுனாத்தேன் பழம் எடுப்பா இருக்கும்" என்றார் மாமியார்.

மற்ற நாட்களில் அவளைத் தோட்டத்துப் பக்கம் விடவே மாட்டார். "வெயில்ல நிக்காதத்தா, கறுத்துருவ." என்னிடம், "நீ போயி நில்லு. இனிமேயா கறுக்கப் போற?" பந்தலுக்குள் வெயில் இறங்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளுக்குக் குலையைப் பிடிக்கவும் தெரியாது. பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல் ஒரு மாவு இருக்கும். அது கலையாமல் இருந்தால்தான் வியாபாரி வாய் திறக்காமல் எடுத்துப் போவார். அதனால் காம்பைப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். இவள் பழத்தை அள்ளிப் பிடிப்பாள். விரல் பட்ட இடமெல்லாம் மாவு போய்ப் பளபளக்கும். "கண்ணாடி கணக்கா மின்னுது பாரு" என்று மாமியார் அதையும் மெச்சிக்கொள்வார். நான் அப்படிப் பிடித்திருந்தால் அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

அவள் கெட்டவளும் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே சுற்றுவாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஒவ்வொரு அறுவடைக்கும் பழப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரு மகள் பிறந்தாள். "நல்லவேள, அப்பனக் கொண்டு செவப்பாப் பெறந்துருக்கா" என்றார் மாமியார். எனக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது.

சில வருஷம் கழித்து ஓரகத்திக்கு இரண்டாவது பிரசவம். அதோடு அவள் கன்னம் இரண்டிலும் மங்கு விழுந்து கறுத்துப்போனது. என்னென்னவோ பூசிப் பார்த்தாள், போகவில்லை. அடுத்த அறுவடைக்கு முதல் நாள் மாமியார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மொகத்துல மங்க வச்சுக்கிட்டு முதக் குலைய வெட்ட வேணாம்" என்றார். அவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பாவம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சந்தோஷம் வந்த பிறகுதான் தோன்றியது.

காலையில் தலைக்குக் குளித்து, பீரோவிலிருந்த மாம்பழக் கலர் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பந்தலுக்குக் கீழே எல்லாரும் கூடியிருந்தார்கள். வியாபாரியின் வேன் வந்து நின்றது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். மாமியார் என்னைத் தாண்டிப் பார்த்து, "எங்க என் பேத்தி? வாத்தா, நீ வந்து வெட்டு" என்றார். பிறகு என்னிடம், "பிள்ளைக்கு எட்டாது. நீ தூக்கிப் பிடி."

தூக்கினேன். என் மகள், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அந்தச் சின்னச் சிவந்த கையில் கத்தரியைப் பார்த்ததும் அடிவயிற்றில் பற்றிக்கொண்டு வந்தது. ஓரகத்தி மேல் வந்தது, பழத்தின் மேல் வந்தது, எல்லாம் சரி. நான் பெற்றதன் மேலேயுமா என்று எனக்கே திக்கென்றது. ஆனால் வந்தது.

"அம்மா" என்று என் காதோரம் சொன்னாள். "நீ கருப்புல்ல, அதேன் நீ வெட்டக் கூடாதாம். அப்பத்தா சொல்லுச்சு." பள்ளிக்கூடத்துப் பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

அவளைக் கீழே இறக்கினேன். கையிலிருந்த கத்தரியை வாங்கினேன். காம்பைப் பிடித்து, ஒரு பழத்தின் மாவுகூடக் கலையாமல் வெட்டினேன். "அடியே!" என்றார் மாமியார். வேலையாட்கள் தரையைப் பார்த்தார்கள். எங்கிருந்தோ தாம்பாளத்தோடு வந்த ஓரகத்தி, "இங்கன வைங்கக்கா" என்று நீட்டினாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குலையை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மகள் நிற்கிறாள். உதடு பிதுங்கியிருக்கிறது, அழவில்லை. கத்தரி பிடித்திருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அறுவடைக்கு அறுவடை பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்த பார்வை அது.