கன்னியாகுமரிக்குப் போன தபால்காரர் சைக்கிள்

ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் அற்புதத்தின் கடையில் ஒன்பது வாடகை சைக்கிள்கள் இருந்தன. கடையை ஆரம்பித்தவர் அவள் கணவர் ஜேசுதாஸ். ஒரு வருஷத்திலேயே எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் வேலை கிடைத்ததும் கடையை மூடிவிடலாம் என்றார்.

"ஒரு மாசம் நான் பாத்துக்கறனுங்க. அப்பறம் மூடலாம்" என்றாள் அற்புதம்.

அந்த ஒரு மாசம் எட்டு வருஷமாக நீண்டது. பஞ்சர் ஒட்ட ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். வளைந்த சக்கரத்தில் கோட்டம் எடுக்கக் கைவருவதற்குள் மூன்று ரிம் பாழாயிற்று. நாலாவது சக்கரம் துளி ஆட்டமில்லாமல் சுற்றியபோது, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1986 சித்திரையில் ஒரு சாயங்காலம், மஞ்சக்குட்டைப் பக்கம் தபால் கொண்டுபோகும் ஐயாக்கண்ணு தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தொரு வயது, ஒல்லியான ஆள். சட்டைப்பையில் பேப்பரிலிருந்து கத்தரித்த விளம்பரம். சேலத்துச் சைக்கிள் சங்கம் ஒன்று பந்தயம் வைக்கிறது. சேலத்திலிருந்து கன்னியாகுமரி, நானூற்றெழுபது கிலோமீட்டர், முப்பத்தாறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கியர் வைத்த சைக்கிள் கூடாது, சாதாரண வண்டிதான்.

"காலு தாங்குமுங்க அம்மணி. தினம் மலையிலதான மிதிக்கறேன். என்ற வண்டி தாங்குமான்னு நீங்கதான் சொல்லோணும்."

"தாங்க வெச்சுரலாமுங்கண்ணா" என்றாள்.

செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றினாள். மட்கார்டைக் கழற்றப் போனபோது ஐயாக்கண்ணு கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்துப் பார்த்தார். அதுவும் போயிற்று. இரண்டு சக்கரத்துக்கும் புதுக் கம்பி கோத்து, அச்சிலுள்ள பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் வைத்தாள். பின்சக்கரத்தில் இருபத்திரண்டு பல் ஃப்ரீவீல் போட்டாள். பல் கூடினால் மேட்டில் மிதிக்க லேசு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் ஐயாக்கண்ணு ஒரு தடவைகூட இறங்கித் தள்ளாமல் ஏறி வந்தார். அற்புதத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நாமக்கல்வரை போய் வந்தார். திங்கட்கிழமை கடைக்கு வந்தவர் இரண்டு கையையும் உதறிக்கொண்டே நின்றார்.

"விரலு மரத்துப் போச்சுங்க. காத்தால தபால் பிரிக்கறப்ப கார்டு கையில நிக்கல. இடுப்பு நொம்ப வலி. வயசாயிருச்சோ என்னமோ. பேரை அடிச்சிரச் சொல்லலாமான்னு பாக்கறேன்."

அற்புதம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அச்சு, கம்பி, செயின் எல்லாம் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. எத்தனையோ சைக்கிள்களைச் சரிசெய்திருக்கிறாள். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு மேல் எதையும் ஓட்டியதில்லை.

"பேரை அடிக்காதீங்கண்ணா. ஞாயித்துக்கெழமை வண்டி இங்க இருக்கட்டும்" என்றாள்.

அந்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் சைக்கிளைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினாள். தனியாக விட மனமில்லாமல் ஜேசுதாஸும் ஒரு வாடகை சைக்கிளோடு கூட வந்தார். இருவரும் நாமக்கல் ரோட்டில் மிதித்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பார் வைத்த வண்டியில் ஒரு பெண் போவதைப் பார்த்து, எதிரே வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். மல்லூரில் ஜேசுதாஸ் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ட்டு வா புள்ள. இதுக்கு மேல என்ற காலு வராது."

ஆண்டகலூர் கேட்வரை அவள் தனியாகப் போய்த் திரும்பினாள். பாதி வழியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. சமதரையில் அந்த இருபத்திரண்டு பல் காலை வீணாகச் சுழல வைத்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர்வது கொஞ்சம்தான். மலையை நினைத்துச் செய்த வேலை, பந்தயமோ தரையில். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்ததால் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது. மல்லூருக்குத் திரும்பியபோது டீ கிளாஸை அவளால் ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க, தப்பு என்மேலதானுங்க. அவரு மேல இல்ல" என்று ஜேசுதாஸிடம் சொன்னாள்.

மறுநாள் ஐயாக்கண்ணுவைச் சைக்கிளில் ஏற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். சீட்டை ஒரு விரற்கடை ஏற்றி மூக்கைச் சமமாக்கினாள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தி, பிடியில் பழைய ட்யூபையும் அதன்மேல் பருத்தித் துணியையும் சுற்றினாள். பின்னால் பதினாறு பல் ஃப்ரீவீல் ஏறியது. இந்தத் தடவை நாமக்கல் போய் வந்தவர், "இன்னொருக்கா போலாமாட்ட இருந்துச்சுங்க" என்றார்.

பந்தயம் வைகாசிக் கடைசியில் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் தந்தி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்த தமிழை ஜேசுதாஸ்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'சேர்ந்தேன். பதினொன்றாவது. ஒரு கம்பிகூட உடையவில்லை.' நாற்பத்துமூன்று பேரில் பதினொன்று, இருபத்தேழு மணி நேரம். அற்புதம் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ஊர் திரும்பியதும் ஐயாக்கண்ணு நேராகக் கடைக்குத்தான் வந்தார். ஜேசுதாஸ் மிளகாய் பஜ்ஜி வாங்கி வர, மூவரும் கதை பேச உட்கார்ந்தார்கள். கதை சொன்னதும் பாதி பஜ்ஜியைத் தின்றதும் ஐயாக்கண்ணுதான்.

"வள்ளியூரு தாண்டினதும் எதுக்காத்துங்க அம்மணி. ஆளையே பின்னால தள்ளுது. எறங்கி உருட்டறேன். ஒரு மாட்டு வண்டி என்னையத் தாண்டிப் போச்சு. வண்டிக்காரரு, 'ஏறிக்கிடும்'னாரு. 'இல்லீங்க, நான் ரேஸுல இருக்கறேன்'னேன். முன்னால பாத்தாரு, பின்னால பாத்தாரு. ரோட்டுல ஒரு ஆளில்ல. 'யாருகூட ரேஸு வே?'ன்னு கேட்டாரு."

அற்புதம் சிரித்த சிரிப்பில், கம்பி முறுக்க மடியில் வைத்திருந்த சக்கரம் நழுவி உருண்டு ரோட்டுக்கே போய்விட்டது. ஜேசுதாஸ் எழுந்து ஓடினார்.