சொல்லிவிட்டு வரவும்

என் தம்பி ஜும்பெர் தன் வீட்டு கேட்டில் 'சொல்லிவிட்டு வரவும்' என்று பலகை மாட்டியபோது ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அலாஸானி ஆற்றுப் பக்கம் ஒயின் போடுகிற வீட்டுக்கு எவன் சொல்லிவிட்டுப் போகிறான்? வழியில் போகிறவன் தலையை நீட்டுவான், வீட்டுக்காரன் இழுத்து உட்கார வைப்பான், எழுந்து போகும்போது பொழுது சாய்ந்திருக்கும். இதுதான் வழக்கம். இதை மாற்ற ஜும்பெர் யார்?

பக்கத்து வீட்டு கோச்சா இதை விடுவானா? கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே இருக்கிறவனுக்கு போன் போடுவான்.

"டாக்டர் இருக்காருங்களா? தொண்டை ரொம்ப வறண்டு போச்சு. இன்னைக்கு டோக்கன் கிடைக்குமா?"

"போடா நாயே!" என்று ஜும்பெர் முற்றத்திலிருந்தே கத்துவான்.

"ஐயோ, டாக்டருக்கு இன்னைக்குக் கோவம் ஜாஸ்தி. நாளைக்கு வரேன்."

மனைவி எத்தேரி இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதிலிருந்து தம்பிக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது என்று சிலர் பேசினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வருவதால் நம்மை மதிப்பதில்லை என்றார்கள் வேறு சிலர். தெலாவி டவுனில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் என் காதுக்கே அது வந்து சேர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

உண்மை இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் ஜும்பெருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தான். பதினொன்றாம் நாள் அவனைப் பார்க்கப் போனேன். வீடு முழுக்கக் கருகல் நாற்றம். அடுப்பில் மொச்சை கருகிக் கரியாகிக் கிடக்கிறது, இவன் இரண்டடி தள்ளி உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருக்கிறான்.

"ஏண்டா, மூக்கு என்ன அடமானத்திலயா இருக்கு?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, யார்கிட்டயும் சொல்லாத" என்றான்.

சர்க்கரை இனிக்கிறது, உப்பு கரிக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி ஒயினும் அவனுக்கு ஒன்று, மழைத்தண்ணீரும் ஒன்று. ஒயின் ஊறும் ஆறு தாழிகள் மண்ணுக்குள் புதைந்திருக்க, அதன் மேலேயே நடந்து பிழைக்கிறவனுக்கு இப்படி ஆனால் எப்படி இருக்கும்? தெலாவியில் இரண்டு டாக்டர், தலைநகரில் ஒரு டாக்டர் என்று அலைந்தோம். தானாக வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். இதைச் சொல்ல டாக்டருக்குப் படிக்க வேண்டுமா?

அதனால்தான் அந்தப் பலகை. யாராவது வருவதாக இருந்தால் என் போனுக்குத்தான் கூப்பிட வேண்டும். நான் நாள் கொடுப்பேன். அதற்கு முந்தின நாளே ஷேர் வேன் பிடித்து ஊருக்குப் போவேன். அவன் தாழியைத் திறப்பான், நான் முகர்ந்து, குடித்துப் பார்த்துச் சொல்வேன். "இதுல காய்ஞ்ச ஆரஞ்சுத் தோல். கடைசில அக்ரூட் வருது. அதுல தேன், கொஞ்சம் தேயிலை." அவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி மனப்பாடம் செய்வான். மறுநாள் விருந்தாளி முன்னால் முதல் குவளையைக் குடித்துவிட்டு, கண்ணை மூடி, தாடியைத் தடவி, "ஆரஞ்சுத் தோல்... அக்ரூட்..." என்று இழுப்பான் பாருங்கள், நாடகக்காரன் தோற்றான்! வந்தவர்கள் சொக்கிப் போவார்கள். அவர்கள் போன பிறகு திண்டாட்டம் ஆரம்பிக்கும்.

"அக்கா, நிஜமாவே நல்லா இருந்துதா?"

"நல்லாத்தான் இருந்துது."

"ம்ம்" என்பான். அந்த 'ம்ம்' எனக்குப் பிடிக்காது. ஆனாலும் விட்டுவிடுவேன். மாதத்துக்கு இரண்டு மூன்று கூட்டம், முன்கூட்டியே தெரியும், முந்தின நாள் நான் இருப்பேன். அப்படியே மூன்று வருஷம் ஓடியது.

இந்த வருஷம் பிப்ரவரியில் போலந்திலிருந்து ஹலீனா என்று ஓர் அம்மாள் கூப்பிட்டாள். சின்னக் கடை வைத்திருக்கிறாளாம், நாலைந்து பேரிடம் மட்டும் நேரில் போய்ப் பார்த்து ஒயின் எடுப்பாளாம். எங்கள் வயசுக்காரர்களுக்கும் அவளுக்கும் பள்ளியில் படித்த ரஷ்ய மொழி ஒன்றுதான் பொது.

"ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை வரலாமா?" என்றாள்.

"தாராளமா வாங்க. அப்பத்தான் புதுத் தாழி திறப்போம்" என்றேன். காலண்டரில் வட்டமும் போட்டேன்.

தம்பியிடம் சொன்னதும் அவன் சந்தோஷப்படவில்லை. திராட்சைக் கொடிக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, மத்தவங்க சுத்திப் பாக்க வர்றவங்க. குடிப்பாங்க, படம் எடுப்பாங்க, போயிடுவாங்க. இந்த அம்மா ஒயின் தெரிஞ்சவங்க. இவங்க நல்லா இல்லன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. தாழில மண்ணைக் கொட்டிட்டு நானும் எத்தேரிகிட்டப் போயிடறேன். அங்க கிழவனைக் குளிப்பாட்ட மூக்கு வேண்டியதில்ல."

"உளறாத."

"உளறல. முடிவு பண்ணிட்டேன்."

அவன் முடிவு பண்ணினால் பண்ணினதுதான். கழுதை ஜென்மம். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட வேண்டும், ஒயின் இருக்கிற நாலு தாழியையும் திறந்து பார்த்து, உள்ளதில் நல்லதை அவள் முன் வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் லீவு கூடச் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. நான் நோன்போடு பாஸ்கா என்கிற பண்டிகை ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, மஞ்சிட்டி வேரில் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கோச்சா போன் செய்கிறான்.

"சியாலா அக்கா, போலந்து அம்மா ஒருத்தங்க வந்து நிக்கிறாங்க. உன் தம்பி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான். என்ன பண்றது?"

"இன்னைக்கா? அடுத்த வாரம் இல்ல?"

"ஈஸ்டர் போன வாரமே முடிஞ்சுதாம் அவங்களுக்கு."

கையிலிருந்த முட்டை கீழே விழுந்தது. போலந்துக் கத்தோலிக்கர்களுக்கும் எங்களுக்கும் ஈஸ்டர் வேறு வேறு நாளில் வரும் என்பது எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உலக வரைபடம் காட்டுகிற எனக்கு அது பிப்ரவரியில் தோன்றவில்லை! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"கோச்சா, கேளு. அந்த அம்மாவை உட்கார வை. மொச்சை, கீரை, ஊறுகாய், என்ன இருக்கோ போடு. நான் வர்ற வரைக்கும் தாழி பக்கம் யாரையும் விடாத. புரியுதா?"

"புரியுது, புரியுது."

அவனுக்கு என்ன புரிந்தது! கீழ்வீட்டுக்காரரின் காரைக் கெஞ்சி வாங்கி, ரொட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். சாலையெல்லாம் பண்டிகைக்கு ஊர் திரும்புகிற வண்டிகள். நாற்பது நிமிஷ வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

கோச்சா முதல் அரைமணி நேரம் நான் சொன்னபடி செய்திருக்கிறான். அப்புறம் அவனால் முடியவில்லை. விருந்தாளி வந்து உட்கார்ந்து இவ்வளவு நேரம் ஆயிற்று, மேஜையில் ஒரு சொட்டு ஒயின் இல்லை, ஊர் மானம் கப்பலேறுகிறதே என்று தானே மண்வெட்டியை எடுத்துப் போய், முதல் தாழியின் கல்மூடி மேல் பூசியிருந்த களிமண்ணைச் சுரண்டித் திறந்துவிட்டான். திறந்த பிறகு வீட்டுக்காரன் என்ன செய்வான்? முதல் குவளை அவன்தான் குடிக்க வேண்டும். குடித்து, இது என்ன ஒயின் என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

நான் தாழிக்கூடத்தின் வாசலில் காலை வைத்தபோதே மூக்கில் குத்தியது. அழுகின முட்டை. சாதாரணமாக இல்லை, கூடை கூடையாக அழுகின முட்டை.

உள்ளே ஜும்பெர் சுரைக்குடுக்கை அகப்பையை ஒரு கையிலும் குவளையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நிற்கிறான். கண்ணை மூடியிருக்கிறான். தாடியைத் தடவுகிறான்.

"ஆரஞ்சுத் தோல்..." என்கிறான். "காய்ஞ்சது. கடைசில அக்ரூட்..."

கோச்சா சட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். நரைத்த தலையும் சேறு படிந்த பூட்ஸுமாக இருந்த ஹலீனா தன் குவளையை வாய்க்குக் கொண்டு போகாமல், ஜும்பெரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. என் தம்பி, ஐம்பத்திரண்டு வயசு மனுஷன், நாற்றத்தைக் குடித்துவிட்டுப் போன வருஷத்துப் பாடத்தை ஒப்பிக்கிறான்.

"டேய்!" என்றேன். "அது போன வருஷம் நான் சொன்னதுடா, இந்தத் தாழி வேற..."

அவன் கண்ணைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான், கோச்சாவின் சட்டையைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. காதெல்லாம் சிவந்துபோனது.

ஹலீனா மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு வாசனை தெரியலயா?"

ஜலதோஷம் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"தெரியாதும்மா. மூணு வருஷமாச்சு. அக்காதான் குடிச்சுப் பாத்துச் சொல்லும். நான் திருப்பிச் சொல்லுவேன். அவ்வளவுதான் என் வித்தை."

கோச்சாதான் முதலில் வாயைத் திறந்தான்.

"அடப்பாவி, போன மாசம் என் வீட்டு சீஸை அருமைன்னு சொல்லி ரெண்டு துண்டு தின்னியே? அது கெட்டுப்போய் நாய்க்கு வச்சிருந்ததுடா!"

ஹலீனாவுக்கு நான்தான் அதை மொழிபெயர்த்தேன். அவள் சிரிக்கவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள்.

"காலித் தாழி இருக்கா?"

"ரெண்டு இருக்கு. கழுவி வச்சிருக்கேன்" என்றான் ஜும்பெர்.

"அப்போ எதுக்கு நிக்கிறீங்க? இது போற நாத்தம்தான். காத்துப் பட இன்னைக்கே மாத்திடணும். இன்னும் ஒரு மாசம் மூடியே கிடந்திருந்தா போகாது."

அவனுக்கும் அது தெரியும். நாற்றம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியாது. கோச்சா மொண்டு கொடுத்தான், நான் கைமாற்றினேன், ஹலீனா வாளியை உயரத் தூக்கிக் காலித் தாழிக்குள் சளசளவென்று ஊற்றினாள். ஜும்பெர் மண்டி போட்டு உட்கார்ந்து அடியிலிருந்த திராட்சைத் தொலியைக் கையால் அள்ளிப் பார்த்தான். ஊற்றுகிற சத்தத்துக்குக் காது கொடுத்து, போதும், நிறுத்து, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இருபது வாளி ஆகியிருக்கும். ஹலீனா நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ, ரெண்டு வருஷம் முன்னாடி திறந்த ஒயினையும் நீங்க மூக்கு இல்லாமத்தான் போட்டீங்களா?"

"ஆமா. மூக்கு போனப்புறம் போட்ட முதல் ஒயின் அதுதான். ஏன்?"

"எங்க ஊர்ல ஒருத்தர் அதுல ஒரு பாட்டில் வச்சிருந்தாரு. ஒரு குவளை குடிச்சேன். அதுக்காகத்தான் வந்தேன்."

ஜும்பெர் அள்ளுவதை நிறுத்தினான். கையிலிருந்து தொலி சொட்டிக்கொண்டிருந்தது.

"அது... நல்லா இருந்துதா?"

"என்ன கேள்வி இது? நல்லா இல்லாததுக்கா மூணு வண்டி மாறி இந்தச் சேத்துல வந்து வாளி தூக்கறேன்?"

அவன் என் பக்கம் திரும்பினான். சின்ன வயசில் அடிபட்டால் அழலாமா கூடாதா என்று என்னைப் பார்ப்பானே, அதே முகம்.

"அக்கா, அப்போ நீ சொன்னதெல்லாம் நிஜமா?"

"எது?"

"ஆரஞ்சுத் தோல், அக்ரூட், தேன்... எல்லாம். நான் மனசு விட்டுடக் கூடாதுன்னு நீயா ஏதோ சொல்றேன்னு நினைச்சேன்."

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

எனக்கு வந்ததே கோபம்! பனியிலும் மழையிலும் வேன் பிடித்து வந்து, வெறும் வயிற்றில் தாழி தாழியாகக் குடித்துப் பார்த்து, ஒரு வார்த்தை கூடக் கூட்டிச் சொல்லாமல் குறைத்துச் சொல்லாமல் இருந்தவள் நான். இந்தப் பாவி அதில் ஒன்றைக்கூட நம்பாமல், பொய் என்று நினைத்துக்கொண்டே ஊரார் முன் தாடியைத் தடவித் தடவிச் சொல்லியிருக்கிறான். தன் ஒயின் குப்பை என்றே நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மறுபடி திராட்சையை மிதித்திருக்கிறான். ஒரு அறை விடலாமா என்று கை துறுதுறுத்தது. அழுகையும் கூடவே வந்து தொலைத்தது.

அவன் மாற்றி ஊற்றிய தாழியிலிருந்து ஒரு குவளை மொண்டு என்னிடம் நீட்டினான்.

"இப்போ சொல்லு. எப்படி இருக்கு?"

முகர்ந்தேன். ஒரு வாய் குடித்தேன். முகத்தைச் சுளித்தேன்.

"நாறுதுடா" என்றேன். "முன்னைக்கு இப்போ கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் கேவலமா நாறுது."

ஜும்பெர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நான் சொன்னதை அவன் அப்படியே நம்பியது அன்றைக்குத்தான்.