ரேணுகா சுற்றிய இரண்டாவது காயில்

ரேணுகாவுக்குக் கல்யாணமான முதல் வருஷம், அவள் பழுது பார்த்த ஒரு டேபிள் ஃபேன் சுற்றாமல் உட்கார்ந்துவிட்டது. கடையில் சுற்றாத அந்த ஃபேன், அதற்கப்புறம் பதினோரு வருஷமாக மரக்காணம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சுற்றவிட்டவர் அவள் வீட்டுக்காரர் புருஷோத்தமன். பஸ் ஸ்டாண்டு தாண்டினால் அவருடைய மோட்டார் வைண்டிங் கடை. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எதையும் உப்புக்காற்று நிம்மதியாக இருக்கவிடாது. ஒரு நாள் உள்ளே கம்பி சுற்றிய காயில் புகைந்து கடைக்கு வந்துதான் தீரும். மோட்டாரைக் கழற்றித் தூக்கிவருவதும், திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டுவதும், பூட்டுகிற நேரத்தில் ஊர்க்கதை பேசுவதும் புருஷோத்தமன். கருகின கம்பியை உரித்துவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது உள்ளறையில் ரேணுகா.

"புருஷோத்தமன் கை பட்டா மூணு வருஷம் கேரண்டிப்பா" என்பார் உப்பளக்காரர் பக்கிரி. அந்தக் கை யாருடையது என்று புருஷோத்தமன் சொன்னதில்லை. ரேணுகாவும் சொன்னதில்லை. ஆனால் ஃபேன் கதையை மட்டும் அவர் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் டீயோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

"எங்க வூட்டுக்காரம்மா மொத மொத சுத்துன ஃபேன் இருக்குது பாருங்க, நாலு காயில்ல பாதிய தலைகீழா கனெக்சன் குடுத்துட்டா. இது முன்னால தள்ளுது, அது பின்னால இழுக்குது. ஃபேன் அப்படியே உக்காந்துக்கினு இருக்குது!"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். உள்ளறையில் ரேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் எத்தனையோ நூறு மோட்டார் அவள் கையால் ஓடிவிட்டது. அதில் ஒன்றுகூடக் கதையாகவில்லையே என்பதுதான் அவளுடைய தீராத வயிற்றெரிச்சல்.

2006 மாசியில் கூனிமேட்டு ஃபைசல் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். ஆறு வருஷம் ஷார்ஜாவில் டைல்ஸ் கடையில் இருந்துவிட்டுத் திரும்பியவன். எல்லோரும் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவர, இவன் பெட்டிக்குள்ளிருந்து எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது. அதுவும் பழைய ஃபிரிட்ஜ் போல மஞ்சளேறிய வெள்ளை, அங்கங்கே நூலாட்டம் பெயின்ட் வெடிப்பு. "புதுசு வாங்குனேன்னு ஊர்பூரா சொன்னீங்க, எவனோ பழசத் தலையில கட்டிட்டானே!" என்று அவன் மனைவி அர்ஷியா பாத்திரம் தேய்க்கிற பவுடரோடு உட்கார்ந்துவிட்டாள். ஃபைசல் ஓடிவந்து பிடுங்காவிட்டால் அன்றைக்கே அதன் வயசு குறைந்திருக்கும்.

"கம்பெனிக்காரனே பழைய மாடல் மாரி செஞ்சிருக்கான்க்கா. வேலையெல்லாம் புதுசு" என்று உள்ளறை வாசலில் நின்று ரேணுகாவிடம் காட்டினான். கழுத்துப் பட்டை மெலிசு, விரல் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே பதித்த கம்பிகள் துருவே பிடிக்காத ஸ்டீல். சுருதிக் கட்டைகளைப் பூட்டிவிட்டால் தந்தி இளகாது. இந்த ஊர்க் காற்றுக்கென்றே செய்த மாதிரி எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காயிலை மட்டும், பழைய நாதம் வேண்டுமென்று, அந்தக் காலத்து வழக்கப்படி ஒற்றையாகவே வைத்துவிட்டார்கள். அது தந்தியையும் பிடித்தது. பக்கத்திலிருந்த சீரியல் செட் லைட், ஜெனரேட்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்தது.

ஃபைசல் வாசிப்பது கலியபெருமாளின் மெல்லிசைக் குழுவில். இரண்டு கல்யாணத்தில் 'ங்ங்ங்' என்ற இரைச்சல் பாடகரையே அமுக்கிவிட்டது. "ஏம்பா, கிட்டார் கொண்டாரச் சொன்னா தேன்கூட்டைக் கொண்டாந்திருக்க? ஞாயித்துக்கிழமை காதுகுத்துல ஒருக்கா கொய்ங்னு கேட்டுச்சு, உன் எடத்துல கீபோர்டுதான்" என்று கலியபெருமாள் சொல்லிவிட்டார்.

கையோடு கொண்டுவந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் சொருகிக் காட்டினான். புருஷோத்தமன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எர்த் சரியில்ல." அவருக்கு உலகத்தில் எல்லாக் கோளாறும் எர்த்தினால் வருவதுதான்.

ரேணுகா வார்னிஷ் கையோடு வெளியே வந்தாள். "தம்பி, அந்த டியூப் லைட்டுக்கு முதுகக் காட்டி நில்லு."

நின்றான். இரைச்சல் குறைந்தது. திரும்பச் சொன்னாள். கூடியது.

"எர்த் இல்ல. காயில் காத்துல இருந்து கரண்ட்ட மோந்து பாக்குது. கழட்டிக் குடு, நான் பாக்குறேன்."

"யார்கிட்ட குடுக்கிற தெரியுமா?" என்று புருஷோத்தமன் உற்சாகமாக ஆரம்பித்தார். "எங்க வூட்டுக்காரம்மா மொத மொத சுத்துன ஃபேன் இருக்குது பாரு..."

ஃபைசலும் சிரித்துவிட்டான். ரேணுகாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் 'இது முன்னால தள்ளுது, அது பின்னால இழுக்குது' என்ற இடம் வந்ததும் அவள் அப்படியே நின்றாள். இரைச்சலும் இரண்டு காயிலில் ஏறி, ஒன்று தள்ளுவதை இன்னொன்று இழுத்தால்? காந்தம் வைத்த காயில் தந்தியைக் கேட்கட்டும். காந்தமில்லாத இன்னொரு காயில் இரைச்சலை மட்டும் பிடித்துக்கொண்டு தலைகீழாக நிற்கட்டும். இரண்டு இரைச்சலும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரே தப்பு அதான்னு ஊருக்கே தெரியுமில்ல" என்றாள். "அதையே செய்யறேன்."

சொல்லிவிட்டாளே தவிர பயம் விடவில்லை. கிட்டார் வாயடைத்துப்போனால் ஃபைசல் இடம் போகும். அவளுக்கோ, ஃபேனோடு கிட்டாரும் ஜோடி சேர்ந்து சாகும்வரை ஊர்வலம் வரும்.

புருஷோத்தமன் முணுமுணுத்துக்கொண்டே புதுச்சேரி போய், தலைமுடியைவிட மெலிசான கம்பி தேடி வாங்கிவந்தார். சோப்பு டப்பாவை வெட்டி அச்சு செய்தாள். மூச்சு விட்டால் அறுகிற கம்பி. இரண்டு தரம் அறுந்தது, இரண்டு தரமும் முதலிலிருந்து சுற்றினாள். பழைய காயில் காட்டிய அளவை மீட்டரில் இதுவும் காட்டுகிறவரை விடவில்லை. ஞாயிறு காலையில்தான் பழசுக்கு அடியில் புதுசை உட்காரவைத்து, தலைகீழாக இணைத்து, கடைசி ஈயப்பற்று வைத்தாள். வைத்து முடித்ததும் தெருவில் கரண்ட் போய்விட்டது, ஆம்ப்ளிஃபயரில் சொருகிப் பார்க்க வழியில்லை. மீட்டர் சரி என்றது. மீட்டருக்குப் பாட்டு தெரியாது.

பக்கிரி பேத்திக்குக் காதுகுத்து. பந்தலில் பகலிலேயே சீரியல் செட் மினுக்கியது, பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. ஃபைசல் வயரைச் சொருகினான்.

ஒன்றுமே கேட்கவில்லை.

"ஏம்பா, ஒயரு சொருகலியா?" என்றார் கலியபெருமாள். முன்வரிசையில் புருஷோத்தமன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து, "ஃபேன் மாரியே..." என்று ஆரம்பித்துவிட்டார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ரேணுகா நாற்காலி நுனிக்கு வந்தாள். இரண்டு காயிலும் சேர்ந்து பாட்டையும் தின்றுவிட்டதா?

ஃபைசல் தந்தியைத் தட்டினான். நாதம் சுத்தமாகக் கிளம்பிப் பந்தலைத் தாண்டிப் போயிற்று. கையால் அமுக்கினான், மறுபடி அமைதி. அந்த அமைதியில் ஆசாரி காது குத்த, குழந்தை வீறிட்டது ஊருக்கே கேட்டது.

கலியபெருமாள் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "இத சரி பண்ண நம்ம புருஷோத்தமன் மேடைக்கு வரணும். எப்பிடிப்பா செஞ்ச? சொல்லு."

புருஷோத்தமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஏறினார். "அது வந்து... எர்த்து..." என்றார். ஃபைசல் தொண்டையைக் கனைத்தான். எப்படிச் செய்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரே கதைதான். வாய் தன்னாலேயே அதற்குப் போயிற்று.

"எங்க வூட்டுக்காரம்மா மொத மொத சுத்துன ஃபேன் இருக்குது பாருங்க..."

கூட்டம் முன்கூட்டியே சிரித்தது. ரேணுகா தரையைப் பார்த்தாள்.

"...ஃபேன் அப்படியே உக்காந்துக்கினு இருக்குது." வழக்கமாகக் கதை முடிகிற இடம். அவர் மைக்கை விடவில்லை. கிட்டாரைப் பார்த்தார், பெண்கள் பக்கம் பார்த்தார். "அந்தத் தப்பத்தான் இதுல வேணும்னே செஞ்சிருக்கா. அதான் சத்தமில்ல. நான் கம்பி வாங்கியாந்ததோட சரி."

"அப்ப எங்க மோட்டாரு?" என்று பக்கிரி கத்தினார். "அந்த மூணு வருசம்?"

"அதுவும் அவதான்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்யா! உடுய்யா!"

பந்தலே அதிர்ந்தது. பதினோரு வருஷத்தில் அந்தக் கதைக்கு ரேணுகா சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பக்கிரி ஒரு கருகின மோட்டாரோடு வந்தார். கல்லாவில் இருந்த புருஷோத்தமனைத் தாண்டிப்போய் உள்ளறை வாசலில் இறக்கினார்.

"எப்பம்மா கெடைக்கும்?"

"வியாழக்கெழம ஆவும்" என்றாள் ரேணுகா. "பூட்டுறதுக்கு ஆள் அனுப்புறேன். கொஞ்சம் பேசுவாரு, கண்டுக்காதீங்க."